கடற்கொள்ளையனின் கடன்

2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த 'டெட் மேன்ஸ் செஸ்ட்', 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' வரிசையின் இரண்டாம் படம். உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இன்றும் விடுமுறை நாள்களில் நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைகொட்டுகின்றனர். உடன் அமர்ந்திருக்கும் நாமும் சிரிக்கின்றோம். அப்படத்தைக் குறித்து நம்மிடையே இரு தீர்ப்புகள் உண்டு. பேயும் சாபமும் மலிந்த படம், கத்தோலிக்க இல்லத்துக்கு ஆகாது என்பர் சிலர். வெறும் பொழுதுபோக்குத்தானே, அதில் என்ன ஆராய்ச்சி என்பர் பலர். இவ்விரண்டும் நமக்கு உடன்பாடல்ல.

முதல் சாரார் படத்தை முழுமையாகப் பார்த்ததில்லை போலும். டேவி ஜோன்ஸ் என்னும் கடற்பேய்த் தலைவன், சாகும் நிலையில் உள்ள மாலுமிகளிடம் சாவுக்கு அஞ்சுகிறாயா என வினவுகிறான். தன் கப்பலில் நூறாண்டு ஊழியம் செய்தால் இறுதித் தீர்வையைத் தள்ளிப்போடலாம் என்று ஆசை காட்டுகிறான். காதலின் வேதனை பொறாமல் தன் இதயத்தையே அறுத்தெடுத்துப் பெட்டியில் பூட்டிவைத்தவன் அவன். ஆன்மா, தீர்வை, அடிமைத்தளை ஆகியவை இன்று மறையுரைகளில்கூட அருகிவிட்ட சொற்கள். ஒரு கேளிக்கைப் படம் அவற்றைத் தயக்கமின்றி எடுத்தாள்கிறது. இதற்காக அதைப் பழிப்பது நன்றியன்று.

அதன் கவர்ச்சியையும் நாம் மறுக்கவில்லை. தரையில் நிற்கும்போதும் கப்பல் தளத்தில் நிற்பவன்போல் தள்ளாடும் ஜாக் ஸ்பாரோவை ஜானி டெப் நடித்துக் காட்டும்போது முகம் சுளிப்பவர் யார்? உருண்டோடும் ஆலைச் சக்கரத்தின் மேலும் உள்ளும் மூவர் வாட்போர் புரியும் காட்சியில் நமக்கும் மூச்சு நின்றுதான் போயிற்று.

நம் வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. ஜாக் ஒரு கடனாளி. மூழ்கிய தன் கப்பலை மீட்டுத் தந்து 13 ஆண்டுகள் அதன் தலைவனாய் இருக்கச் செய்தால் தன் ஆன்மாவைத் தருவதாக ஜோன்சிடம் உடன்பட்டவன். தவணை முடிந்ததும் பேரம் பேசுகிறான். தன் ஓர் ஆன்மாவுக்கு ஈடாக மூன்று நாள்களில் 100 ஆன்மாக்கள் என்று முடிவாகிறது. முதல் தவணையாகத் தன்னை நம்பிவந்த இளைஞன் வில் டர்னரையே ஒப்புவித்துவிட்டு, எஞ்சிய 99 பேரைத் திரட்டத் தோர்துகாத் தீவின் மதுக்கடைக்குச் செல்கிறான்.

அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் காட்சிதான் படத்திலேயே பெருஞ்சிரிப்பை எழுப்புவது. ஊனமுற்ற முதியவர் ஒருவர் வருகிறார். மனைவி ஓடிப்போன துயரில் குடித்துத் திரிந்து, வாழ்ந்தாலென்ன மாண்டாலென்ன என்றிருக்கும் ஒருவன் வருகிறான். அனைவரும் தேர்வாகின்றனர். தாம் எதற்காக எடுக்கப்படுகிறோம் என்பதை அவர்கள் அறியார்; நாம் அறிவோம். அறிந்தே சிரிக்கின்றோம்! வறியவனும் மனமுடைந்தவனும் இன்னொருவன் கடனுக்கு ஈடாக விற்கப்படும் நேரத்தில் நம்மைச் சிரிக்க வைப்பது எதுவோ, அதைப் பொழுதுபோக்கு என்று எளிதாகக் கடந்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை.

அதே படத்தில் மற்றொரு காட்சி உண்டு. ஜோன்சின் கப்பலில் வில் டர்னர் தன் ஆன்மாவைப் பணயமாக வைத்துப் பகடையாடுகிறான். அங்கே ஏற்கெனவே அடிமையாயிருக்கும் அவன் தந்தை தாமும் ஆட்டத்தில் புகுந்து, வேண்டுமென்றே தோற்று, மகனை விடுவிக்கிறார். ஒருவன் தனக்காகப் பிறரை ஒப்புவிக்கிறான். ஒருவர் பிறனுக்காகத் தம்மையே ஒப்புவிக்கிறார். நாம் திருப்பலியில் கொண்டாடுவது எவருடைய வழி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சுவரொட்டியில் அந்தத் தந்தையின் முகத்தைக் கண்டவர் உண்டா?

கொள்ளையனை நல்லவனாக்க இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி கையாளும் உத்தி பழையது: அவனுக்கு எதிரே அவனினும் கொடியவனை நிறுத்துவது. கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதிநிதியாகப் பெக்கெட் பிரபு வருகிறான். (கும்பினியார் ஆண்டது நம்மையேயன்றிக் கரீபியத் தீவுகளை அன்று, அது கிடக்கட்டும்.) பெருங்கொள்ளைக்காரனுக்கு முன் சிறு கொள்ளைக்காரன் தூயவனாகிவிடுகிறான். புனித அகுஸ்தினாரும் 'கடவுளின் நகரம்' நூலின் நான்காம் பகுதியில் இத்தகைய கதையொன்றைச் சொல்கிறார். பிடிபட்ட கடற்கொள்ளையன் மாமன்னன் அலெக்சாந்தரிடம், சிறு மரக்கலத்தால் செய்வதால் நான் கொள்ளையன், பெரும்படையால் செய்வதால் நீர் பேரரசர் என்னும் கருத்துப்பட விடையிறுத்தானாம். நீதியற்ற அரசுகளும் கொள்ளைக் கூட்டங்களே என நிலைநாட்டவே மறைவல்லுநர் இதை எடுத்தாண்டார். கொள்ளையனை விடுவிக்க அன்று. படமோ அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை விடுவித்துக்கொள்ளும் கலையைக் கோவிலில் நின்ற பரிசேயரிடம் நாம் முன்னரே கண்டிருக்கிறோம்.

மெய்யான கொள்ளையர் எத்தகையோர்? பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்பானின் கூட்டம் 1722 சனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் வீதா துறைமுகத்தில் நின்ற கப்பல்களை மடக்கி மீட்புப்பணம் கேட்டது. ஒரு கப்பலின் தலைவன் தர மறுத்தான். கொள்ளையர் அக்கப்பலுக்குத் தீ வைத்தனர். விலங்கிடப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 80 பேர் அதனுள் இருந்தனர். 1724இல் வெளிவந்த நூல் இதைக் கூறுகிறது. கணக்கு ராபர்ட்சுக்கும் கப்பல் தலைவனுக்கும் இடையிலானது. தீர்த்தவர்கள் அடித்தளத்தில் இருந்தவர்கள்.

படத்தின் முடிவில் ஜாக் தன் கூட்டத்தைக் கைவிட்டுச் சிறு படகில் தப்புகிறான். பின்னர் ஏனோ திரும்பி வருகிறான். அந்த ஒரு கணத்துக்காக நாம் அவனை ஓரளவு மன்னிக்கவும் ஆயத்தமாகிறோம். ஆனால் மற்றவர்கள் பிழைக்கவேண்டும் என்று எலிசபெத் அவனை முத்தமிட்டபடியே பாய்மரத்தோடு பிணைத்து, கடல்விலங்குக்கு இரையாக விட்டுச் செல்கிறாள். அவன் தோர்துகாவில் செய்த அதே கணக்கு. அவன் அவளைப் பார்த்து மெச்சிப் புன்னகைக்கிறான். அரங்கில் அழுகை எழுந்தது அப்போதுதான். மதுக்கடையிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் கடலில் மாண்டபோது எவரும் அழவில்லை. அவர்களுக்குப் படத்தில் பெயர்கூட இல்லை.