எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்?

நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1893-இல், கொன்ற நுண்ணுயிரிகளின் கலவையைப் புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுவிட்டுக் காய்ச்சல் ஏறக் காத்திருந்தார். ஏறாவிட்டால் அளவைக் கூட்டினார். சிலரிடம் கட்டி கரைந்தது. கரைத்தது நுண்ணுயிரா, காய்ச்சலா? வெப்பச் சிகிச்சையையும் புற்றுத் தடுப்பூசியையும் இணைக்க முயலும் நாமும் அந்த முடிச்சை இன்னும் அவிழ்த்தபாடில்லை.

தனித்தனியே இரண்டுக்கும் சான்று உண்டு. 2000-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்தும் உயிருடன் இருந்தனர். வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர். 2010-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற சிப்யூலூசெல்-டி தடுப்பூசி தந்தது ஏறத்தாழ நான்கு மாதக் கூடுதல் ஆயுள்.

சேர்த்துத் தருவதற்கான காரணம் எச்எஸ்பி-70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதத்தில் இருக்கிறது. சூடுபட்ட செல் இதைப் பெருக்குகிறது. உள்ளே இருக்கும்வரை இது புற்றுக்குக் காவலாள். செல் உடைந்து வெளியே வந்தாலோ, ஒட்டிவரும் புற்றுப் புரதத் துணுக்குகளை டென்ட்ரிடிக் என்ற நோயெதிர்ப்புச் செல்லிடம் கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தடுப்பூசியின் வேலையும் இதுவே. ஆகவே செல்லை உடைக்காத அரைகுறைச் சூடு காவலைப் பலப்படுத்திவிட்டுப் போகும். ஒருமுறை சூடு கண்ட செல் அடுத்த ஓரிரு நாள் வெப்பத்தைத் தாங்கிக்கொள்வதும் இதனால்தான். அடுத்த அமர்வுக்கு இடைவெளி விடுவது இதற்காகவே.

டார்ட்மத் குழுவினர் எலிகளின் கட்டியை 43 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கினர். பின்னர் மறுபக்கம் செலுத்திய புற்று வேர்பிடிக்கத் திணறியது. சிடி8 டி செல்கள் இல்லாதபோது அந்தப் பலனும் இல்லை. பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் ஆய்வாளர்கள் கண்டதோ வேறு: 39, 40 டிகிரிக் காய்ச்சல் சூடு, நிணநீர்க் கணுவுக்குள் லிம்போசைட்டுகள் நுழைவதை எளிதாக்குகிறது. ஒன்று கட்டியைக் கொல்லும் சூடு, மற்றொன்று படையை நகர்த்தும் சூடு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். இந்த நிலையில், ஆய்வுக்கு வெளியே இக்கூட்டுச் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்குவது முறையன்று.

இவ்விதழுக்கு இத்துறைக் கட்டுரைகளை அனுப்புவோர் மூன்று விவரங்களைத் தவறாமல் எழுத வேண்டுகிறோம்: கட்டிக்குள் அளந்த வெப்பநிலை, அது நீடித்த நிமிடங்கள், தடுப்பூசி போட்டது சூடாக்கியதற்கு எத்தனை மணிநேரம் முன்போ பின்போ என்பது. தோல்மீது அளந்த எண் போதாது.