பையன் ரேஸ் ஓட்டட்டும், காட்டை விற்க வேண்டாம்

நேற்று சாயங்காலம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். "சார், பையன் ரேஸ் கார் ஓட்டோணும்ங்கிறான். நீங்க சொன்னாத்தானுங்க கேப்பான்" என்றான். நான் தடுத்துவிடுவேன் என்று நினைத்து வந்திருக்கிறான். நான் தடுக்கவில்லை.

பையனுக்கு 23 வயது. வேலையில் இருக்கிறான், ஒரு வருடமாக விடுமுறை நாட்களில் கார்ட் ஓட்டுகிறான். அவன் ஆசைப்படுவது டர்போ இன்ஜினும் இறக்கைகளும் உள்ள ஃபார்முலா 4 காருக்கு. அதற்காக அப்பன் அரை ஏக்கர் காட்டை விற்கவும் யோசிக்கிறான். பிரச்சினை அங்கேதான்.

ஸ்கூட்டர் தவிர எதுவும் ஓட்டாத எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். ஆனால் எதை முதலில் படிக்க வேண்டும், எதைப் பிறகு படிக்க வேண்டும் என்பதுதானே நண்பர்களே, ஆயுள் முழுக்க நான் பார்த்த வேலை!

சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ 2014இல் கொண்டுவந்த ஃபார்முலா 4, கார்ட்டிங் முடித்த 15, 16 வயதுப் பிள்ளைகள் ஃபார்முலா 1 நோக்கி ஏறுவதற்கான படி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசைக்கு ஓட்டுகிறவனுக்காக அமைத்தது அல்ல. நம் ஊரில் எல்ஜிபி ஃபார்முலா 4 என்று வேறொன்று உண்டு. பெயரில் ஏமாற வேண்டாம், அது வேறு கார். மாருதி எஸ்டீமின் 1300 சிசி இன்ஜின் பொருத்திய எளிய ஒற்றை இருக்கை வண்டி. கோவை செட்டிப்பாளையத்தில் பல வருடங்களாக ஓடுகிறது. தொடங்குகிறவனுக்கு அதுதான் சரி என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப கூடும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. தொடக்கத்தில் எல்லோரும் தப்பு செய்வோம். அந்தத் தப்பை மெதுவான வண்டியில் செய்வதே புத்தி. இந்த வகைக் கார்களில் சக்கரம் வெளியே திறந்து கிடக்கிறது. பின்னால் வருகிறவனின் முன்சக்கரம் நம் பின்சக்கரத்தில் ஏறினால் வண்டி எகிறும். லேசாக உரசினாலே சஸ்பென்ஷன் கம்பி வளையும். இடைவெளி பார்த்து ஓட்டும் பொறுமை, அடிபட்டாலும் தாங்கக்கூடிய செலவில்தான் வர வேண்டும்.

இன்னொன்று, எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. தோற்றால் காரைக் குறை சொல்ல முடியாது. மாணவனுக்கு அதைவிட நல்ல பரீட்சை எது?

சின்ன வண்டி என்று இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். நம் கோவைக்காரர் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூரில் முதல் பந்தயம் ஓட்டியதும் அந்த ஃபார்முலா மாருதியில்தான்.

பையனிடம் மூன்றே விஷயம் சொன்னேன். முதலில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முறையாக லைசென்ஸ் எடு. காரை வாங்காதே, ஒரு அணியிடம் வாடகைக்கு எடு. கையெழுத்துப் போடும் முன், கார் அடிபட்டால் யார் கட்டுவது, எவ்வளவு வரை என்று எழுத்தில் கேள். பந்தயக் கட்டணம், டயர், ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஒரு சீசன் முழுக்க ஓட்டப் பணம் இருக்கிறதா என்று கணக்குப் போடு. பெரிய காரில் இரண்டு பந்தயம் ஓட்டிவிட்டுக் காசில்லாமல் வீட்டில் உட்காருவதைவிட, சின்னக் காரில் வருடம் முழுக்க ஓட்டுகிறவன்தான் கற்றுக்கொள்வான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஒரு வருஷம் அதுலயே ஓட்டிப் பாக்கறனுங்க சார்" என்றான். அப்பன் முகத்தில் நிம்மதி.

ஆசையைக் கொல்லவும் வேண்டாம், ஆசைக்காகக் காட்டை விற்கவும் வேண்டாம். முதல் பந்தயத்துக்கு நானும் போகிறேன். ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள், நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.