‘எந்தக் கிருமி?’ என்று கேளுங்கள்!

கார்த்திகை தீபம் என்றால் எங்கள் திருவண்ணாமலையே கல்யாண வீடு மாதிரிதான். கிரிவலப் பாதை 14 கி.மீ.யும் மனிதத் தலைகள். மேலே தூறல், காலடியில் ஈரம். முன்னால் போகிறவர் இருமுகிறார், பின்னால் வருகிறவர் தும்முகிறார். நடுவில், ‘அண்ணாமலையாருக்கு அரோகரா!’ போட்டபடி நாம்.

கோவிட் அடங்கிய பிறகு வந்த ஒரு தீபத்தில் என் பெரியப்பாவும் அப்படி நடந்தார். வயது 68. சர்க்கரை உண்டு. மூன்றாம் நாள் தொண்டை வலி, இருமல், உடம்பு அனலாகக் கொதித்தது.

“வெறும் சளிதான்டா... இதுக்கு எதுக்கு டாக்டர்? மெடிக்கல் ஷாப்புல சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிட்டு வா” என்றார். வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஜுர மாத்திரையும். ஜுரம் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஐந்தாம் நாள் காலை, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. என்னைப் பார்த்து, “நீ யாருப்பா?” என்கிறார். எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியா! மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த சாம்பிளில், ஃபுளூ வைரஸ்.

“நீங்க கொடுத்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்ற மாத்திரை. இவரைப் பிடிச்சது வைரஸ். நல்ல நாளெல்லாம் வீணாப் போச்சே!” என்றார் டாக்டர். பெரியப்பா பிழைத்துவிட்டார். ஆனால், பழையபடி மாடிப்படி ஏற இரண்டு மாதம் பிடித்தது. அந்தத் தப்பு என்னுடையதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நிமோனியா என்றால் பாக்டீரியா, அதற்கு ஆன்டிபயாடிக் என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் சிகாகோ, நாஷ்வில் நகரங்களில் 2010 முதல் 2012 வரை 5 ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆய்வு நடந்தது. நிமோனியாவுடன் சேர்க்கப்பட்ட பெரியவர்களில் 100-க்கு 23 பேரிடம் வைரஸ் மட்டும் இருந்தது. பாக்டீரியா மட்டும் இருந்தது 11 பேரிடம்தான். இரண்டும் சேர்ந்து 3 பேரிடம். மீதிப் பேரில் பெரும்பாலோரிடம் என்ன கிருமி என்றே பிடிபடவில்லை!

வைரஸ்களில் அதிகம் தென்பட்டது எது தெரியுமா? ஜலதோஷம் தருகிற ரைனோ வைரஸ். அடுத்தது ஃபுளூ. மெடாநியூமோ வைரஸ், ஆர்.எஸ்.வி. போன்றவையும் இருந்தன. மூக்கில் வைரஸ் இருந்தாலே நுரையீரலைக் கெடுத்ததும் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நம் ஊர்க் கணக்கும் வேறாக இருக்கலாம். இங்கே காசநோயையும் மறந்துவிடக் கூடாது. ஆனால், ‘சளி வைரஸ் பெரியவங்களை என்ன பண்ணும்?’ என்ற அலட்சியத்துக்கு இனி இடமில்லை.

“அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏன் ஆன்டிபயாடிக் போடுகிறார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியாவும் புகுந்துகொள்ளும். 1918-ல் வந்த ஃபுளூவில் ஏராளமானோர் இறந்தது இப்படித்தான். அதனால், எந்தக் கிருமி என்று தெரியும்வரை டாக்டர் முன்ஜாக்கிரதையாகக் கொடுக்கிறார். அது வேறு, நாமே கடையில் வாங்கி விழுங்குவது வேறு. பல ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014-லேயே விதி கடுமையானது. விதி இருந்து என்ன, கேட்கிற நாம் மாற வேண்டாமா?

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2020-ல் கிரிவலத்துக்கே தடை போட வைத்தது ஒரு வைரஸ். அதைக் கண்டுபிடிக்க அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பரிசோதனைக் கூடங்கள் வந்தன. நிமோனியாவோடு வந்து படுக்கிற பெரியவர்களுக்கு, மழைக்காலத்திலாவது, ஃபுளூ உள்ளிட்ட மற்ற வைரஸ்களையும் அவற்றில் வழக்கமாகப் பார்த்தால் என்ன? ‘டெஸ்ட்டுக்கு வேற செலவா?’ என்பார்கள். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும், கூடுதலாகப் படுத்திருக்கிற நாட்களும் செலவில்லையா? ஃபுளூ என்று தெரிந்தால் ஒசெல்டாமிவிர் மருந்து இருக்கிறது. முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால் நல்ல பலன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொற்றாமல் தனியே வைக்கவும் முடியும்.

நம் பங்கு என்ன? வடகிழக்குப் பருவமழையும் தீபமும் சேர்ந்து வரும் மாதங்களில்தான் நம் பக்கம் ஃபுளூவும் தலைதூக்கும். அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், மழைக்கு முன்பே ஃபுளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இருமல் இருந்தால் கூட்டத்துக்குப் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் முகக்கவசம் போடுங்கள். மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, திடீர்க் குழப்பம், ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வயதானவர்களுக்கு ஜுரமே இல்லாமலும் நிமோனியா வரும்.

போனதும் டாக்டரிடம் பணிவாகக் கேளுங்கள்: “எந்தக் கிருமின்னு பார்த்தீங்களா, சார்?”

அண்ணாமலையாருக்காக 14 கி.மீ. நடக்கிறோம். டாக்டரைப் பார்க்க நாலு தெரு நடக்க யோசிக்கலாமா?