பழைய டிராக்டருக்குத் தனிப் பம்பு

பழைய டிராக்டரில் முன்புற லோடரைப் பூட்டி எருவும் மண்ணும் அள்ள விரும்புவோர், வண்டியினுள் ஏற்கெனவே உள்ள ஹைட்ராலிக் பம்பிலிருந்தே ஒரு குழாய் இழுத்துவிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். செலவு குறைவு என்பது மெய்யே. ஆயினும் அம்முறை லோடருக்கு ஏற்றதன்று என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்திற்கும் மேலாகச் செய்யப்பட்ட பெர்குசன் டி.இ. 20 வண்டியை எடுத்துக்கொள்வோம். இதன் பம்பு பின்புற உடலுக்குள் எண்ணெயில் மூழ்கியிருந்து, பி.டி.ஓ. தண்டினால் சுழற்றப்படுகிறது. கிளட்சை மிதித்த மாத்திரத்தில் அத்தண்டு நிற்கும், பம்பும் நிற்கும். கலப்பையைத் தூக்க இது தடையாகாது. டிப்பர் வண்டியைக் கவிழ்க்கவும் தடையில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை விட்டு, நின்ற இடத்திலேயே கவிழ்த்துக்கொள்ளலாம். எருக்குவியலை நோக்கி ஊர்ந்து சென்று, கிளட்சை மிதித்து நிறுத்தும் அந்த க்ஷணத்திலேயே சட்டியைத் தூக்கவேண்டிய லோடர்காரனுக்கோ பம்பு கைகொடாது. அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை வெளிவந்த போர்டு 8 என் வண்டிக்கும் இதே குறை உண்டு. போர்டு கம்பெனியாரே 1953-இல் வெளியிட்ட என்.ஏ.ஏ. வண்டியில் பம்பை எஞ்சினோடு இணைத்துவிட்டனர்.

எண்ணெயைப் பற்றியும் யோசிக்கவேண்டும். இவ்வண்டிகளில் கியர்களுக்கும் பம்புக்கும் எண்ணெய் ஒன்றே. லோடரின் நீண்ட சிலிண்டர்கள் நிரம்பும்போது கியர்ப்பெட்டியில் மட்டம் தாழும். அவை திரும்பும்போது தூசியும் ஈரமும் உள்ளே புகும். பற்சக்கரம் தேய்ந்தபின் வருந்துவதில் பிரயோஜனமில்லை.

ஆகையால் எஞ்சினின் முன்முனையில் கிராங்குத் தண்டின் கப்பியோடு இணைத்த தனிக் கியர்ப் பம்பு, தனித் தொட்டி, தனி வடிகட்டி ஆகியவற்றை அமைப்பதே தகும். அழுத்தம் மிகுந்தால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் ரிலீப் வால்வு இன்றி இதனை ஒருநாளும் ஓட்டலாகாது. சிலிண்டர் எல்லையைத் தொட்டதும் குழாயாவது பம்பாவது வெடித்துப் போகும். பெரிய பம்பை நாடவும் வேண்டாம். நிமிஷத்திற்கு 20 லிட்டர் எண்ணெயை 100 பார் அழுத்தத்தில் தள்ளுவதற்கே சுமார் நாலரைக் குதிரைசக்தி வேண்டும், டி.இ. 20 எஞ்சினின் மொத்த சக்தியோ முப்பதுக்குள்தான். பழைய வண்டியின் உருவம் கெடலாகாது என்போருக்கும் இம்முறை உகந்ததே. போல்ட்டுகளைக் கழற்றினால் வண்டி முன்போலாகும்.

லோடரின் பாரம் முன் அச்சின்மேல் விழுவதால், பின்புறம் எதிர்ப்பாரம் கட்டாமல் சட்டியை நிரப்பக்கூடாது. குழாயில் ஊசித்துளைக் கசிவு இருப்பதாகத் தோன்றினால், எஞ்சினை நிறுத்தி, சட்டியைத் தரையில் இறக்கி, அழுத்தம் தணிந்தபின் குழாயை மாற்றுக. ஓடும்போது அதைக் கையால் தடவிப் பார்ப்பவர் உண்டு. அத்தாரை தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறு புள்ளியாகவே தெரிந்தாலும், வலி இல்லையென்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.