எஞ்சினின் வயதா, வண்டியின் வயதா?

பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். ஆறு சக்கர டாட்டா லாரி ஒன்று வைத்திருக்கிறார். அதற்கு வயது பதினொன்றரை. குமரி மாவட்டத்துக் கல்லையும் கல்பொடியையும் ஏற்றிக் களியக்காவிளை வழியாக நெய்யாற்றங்கரைப் பக்கம் கொண்டுவந்து இறக்குவதே அதன் தொழில். சில மாதங்களாக வண்டி மேட்டில் இழுக்க மறுக்கிறது, புகை கக்குகிறது, எண்ணெய் குடிக்கிறது. எஞ்சினை இறக்கி முழு வேலை பார்க்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டிவிடலாம் என்கிறார் மற்றொருவர். மைத்துனரோ வண்டியையே தள்ளிவிட்டுக் கடனுக்குப் புதிது எடுக்கச் சொல்கிறார். எதைச் செய்தாலும் வீட்டு அம்மாளின் நகை அடகுக் கடைக்குப் போயாக வேண்டும். எது உசிதம் என்பது அவர் வினா.

1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டின் பக்கமும் நெய்யாற்றங்கரை கேரளத்தின் பக்கமும் ஆயின. கல்லுக்கும் மீனுக்கும் வாழைக்குலைக்கும் அந்த எல்லை ஒரு பொருட்டன்று. லாரிக்கு அப்படியன்று. நமது விடை பெரிதும் இதைப் பற்றியே நிற்கிறது. ஆயினும் முதலில் எஞ்சினைப் பார்ப்போம்.

புகையைக் கண்டதும் எஞ்சினை இறக்கச் சம்மதிக்க வேண்டாம். புகை கறுப்பாக வந்தால், காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாக இறங்குகிறது என்று பெரும்பாலும் பொருள். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நாசில் சொட்டலாம், பம்பின் அளவு தவறியிருக்கலாம். இவை எஞ்சினை இறக்காமலே தீரக்கூடிய குறைகள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்தால் அவ்வாறு வரும். ஆனால் வால்வு கைடு தேய்ந்தாலும், டர்போவின் சீல் கெட்டாலும் அதே நிறந்தான். வெண்புகை காலையில் சிறிது நேரம் வந்து நின்றுவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. சூடேறிய பின்னும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து வருமானால், ஹெட் கேஸ்கெட்டையோ ஹெட்டையோ ஐயுறுதல் வேண்டும்.

ஆகவே நாசிலையும் பம்பையும் சோதித்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானி வைத்து அளந்து, எண்களைத் தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். ஆறில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் குறை ஓரிடத்தில் இருக்கிறது. ஆறும் ஒருசேரத் தாழ்ந்து, எஞ்சின் மூச்சுக் குழாயிலும் புகை தள்ளுமானால் ரிங், லைனர் வேலை உண்மையாகவே வந்துவிட்டது. சூடான எஞ்சினில் எண்ணெய் அழுத்தமும் விழுந்திருந்தால் பேரிங்கையும் கிராங்கையும் பார்த்தே ஆக வேண்டும். அரை வேலையா, முழு வேலையா என்பதை இந்த எண்களே சொல்ல வேண்டும். மெக்கானிக்கின் குரல் அன்று.

கல்பொடி ஏற்றும் வண்டிக்கு ஒரு தனிக் கேடு உண்டு. வடிகட்டிக்குப் பின்னுள்ள ரப்பர்க் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் பாறைத் தூள் நேரே சிலிண்டருக்குள் போய் ரிங்கை அரைத்துவிடும். அந்தக் குழாயை மாற்றாமல் புது ரிங் போடுவது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதே. எஞ்சின் வேலை செய்தும் ஓராண்டு தாங்கவில்லை என்று புலம்புவோர், முதலில் இதைச் சோதிப்பது நல்லது.

ஒத்திப்போடுவதும் இலவசமன்று. நாள் ஒன்றுக்கு 120 கி.மீ. ஓடும் வண்டி, லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தது 4 ஆகக் குறைந்தால், நாளுக்கு 6 லிட்டர் கூடுதல். மாதம் 25 நாளுக்கு 150 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டாலும் 13,500 ரூபாய் புகையாய்ப் போகிறது.

இனி வண்டியின் வயதுக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 88-வது விதிப்படி, பல அச்சு இல்லாத சரக்கு லாரிக்குத் தேசிய பெர்மிட் 12 வயது வரையில்தான். பல அச்சு வண்டிக்கு 15. அன்பருடைய லாரிக்கு இன்னும் ஆறு மாதமே உள்ளது. அதன் பிறகு தன் மாநிலத்துக்குள் ஓடலாம். எல்லை தாண்ட வேண்டுமானால் மறு மாநிலத்தின் ஒப்பம் பெற்ற பெர்மிட், அல்லது தற்காலிகப் பெர்மிட் என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சாவடிகள் நீங்கின என்பதால் பெர்மிட் சோதனையும் நீங்கிவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. வயது எட்டைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றும் வேண்டும். 15 வயதைக் கடந்த கனரக வண்டிக்கு அந்தச் சான்றின் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாயாக உயர்த்தியதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முழு வேலைக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆவதாகக் கொள்வோம். ஏழு வயது லாரியானால் எல்லை தாண்டி ஓட இன்னும் 60 மாதம் உண்டு. மாதத்துக்கு 3,333 ரூபாய். பதினொன்றரை வயது லாரிக்கு ஆறே மாதம். மாதத்துக்கு 33,333 ரூபாய். எஞ்சினும் ஒன்று, பழுதும் ஒன்று.

நாம் வேலை பார்க்கும் ரயில்வேயில் முன்பெல்லாம் பழைய டீசல் எஞ்சின்களை அவ்வளவு எளிதில் கழித்ததில்லை. ஆயுள் 36 ஆண்டு என்று வைத்து, பாதியில், அதாவது 18-ஆம் ஆண்டில், பிரித்துப் புதுப்பிப்பது வழக்கமாக இருந்தது. 1981-இல் அமைந்த பாட்டியாலாத் தொழிற்சாலையில் 2,600 குதிரைச் சக்தி எஞ்சின்களை 3,100 ஆக்கியும் அனுப்பினார்கள். அதைக் காட்டி, லாரியையும் அப்படியே செய்யலாமே என்று நம்மிடம் வாதிடுவோர் உண்டு. ரயில்வேக்குத் தன் சொந்தப் பட்டறை உண்டு; ஓடுவதற்குத் தன் சொந்தத் தண்டவாளமும் உண்டு. அப்படியிருந்தும் பாதைகள் மின்மயமானபோது, நன்றாய் ஓடிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின்களே வேலையின்றி நின்றன. 2018-இல் வாராணசியில் டீசல் எஞ்சினை மின்சார எஞ்சினாகவே மாற்றிப் பார்த்தார்கள். ஓட முடியும் என்பது வேறு, ஓட இடம் உண்டு என்பது வேறு.

பழைய எஞ்சினை வாங்கிப் பூட்டும் யோசனை நமக்கு உவப்பில்லை. அது எந்தக் கல் குவாரியில் எவ்வளவு பாரம் இழுத்தது என்பதை யார் அறிவார்? எஞ்சின் எண்ணுக்கும் உரிய கடிதம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி பதிவு அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவுச் சான்றைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 எஞ்சினைப் பழைய சேசிஸில் பூட்டலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். அது தன் மின்னணுக் கருவிகளோடும் புகை சுத்தி செய்யும் அமைப்போடும் சேர்ந்து பிறந்தது. தனியே பிரித்து இதில் வைத்துப் பயனில்லை.

மைத்துனரின் யோசனையிலும் அவசரம் இருக்கிறது. மாதத் தவணைக்கு மழைக்காலம் தெரியாது. குவாரி அடைப்பும் தெரியாது. கையில் நிச்சயமான சுமை ஒப்பந்தம் இல்லாமல் பெரிய லாரிக்குக் கடன் எடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. மீன், காய்கறி போன்ற இலகுவான சரக்குக்கு மாற மனம் இருந்தால், மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறு வண்டிக்குச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி பெர்மிட்டே வேண்டுவதில்லை. எல்லையோரத்தில் இது சிறிய வசதியன்று.

அன்பருக்கு நமது அபிப்பிராயம் இது. நகையை எடுக்க வேண்டாம். நாசில், பம்ப், வடிகட்டி, காற்றுக் குழாய் இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். அழுத்த எண்கள் இடங்கொடுத்தால் ஹெட்டும் ரிங்கும் மட்டும் பார்த்து, மீதியுள்ள ஆறு மாதமும் எல்லை தாண்டி ஓட்டுங்கள். பெர்மிட் முடியுமுன்பே, உள்ளூரில் மட்டும் ஓட்டுபவர் ஒருவருக்கு வண்டியை விற்றுவிடுங்கள். ஓடும் வண்டிக்கு வரும் விலை, நின்ற வண்டிக்கு வராது. எண்ணெய் அழுத்தமும் விழுந்துவிட்டதென்றால் அந்த அரை வேலைகூட வேண்டாம்; உள்ள குறையை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லி இப்போதே கொடுத்துவிடுங்கள்.

ஏழெட்டு வயது வண்டி வைத்திருப்போர், இதைப் படித்துவிட்டு முழு வேலைக்குத் தயங்க வேண்டாம். ஆனால் எஞ்சின் இறங்கும் அன்று பட்டறையில் இருங்கள். கிராங்கைத் தேய்க்குமுன் அளந்து காட்டச் சொல்லுங்கள், அது 0.25 மில்லிமீட்டர் கணக்கில் படிப்படியாகத் தேய்க்கப்படுவது, முன்பே எத்தனை படி போயிற்று என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிஸ்டனையும் பேரிங்கையும் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்த இதழில் லாரி இன்ஷ்யூரன்ஸ் பற்றி எழுதுவோம்.