முதுமையில் இருவராய்

பிள்ளைகள் ஆளாகி, குடும்பப் பொறுப்பு குறைந்த பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து அறச்செயலில் இறங்குவது தமிழ் மரபுக்குப் புதிதல்ல. இன்பம் துய்த்து நிறைந்த பிற்காலத்தில், மக்களும் சுற்றமும் சூழ இருவரும் அறம் புரிவதே கடந்துபோன வாழ்க்கையின் பயன் என்கிறது தொல்காப்பியத்தின் கற்பியல். வானப்பிரஸ்தம் தம்பதியைக் காட்டுக்கு அனுப்பியது. தொல்காப்பியமோ அவர்களை ஊருக்குள்ளேயே, உறவுகளுக்கு நடுவிலேயே வைத்தது. பிற நாடுகளிலும் இதற்கு வடிவங்கள் உண்டு. மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் கிறிஸ்தவ சபையில் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் சொந்தச் செலவில் மிஷனரிகளாகப் போகிறார்கள். வீட்டில் இருந்தபடியே பக்கத்துப் பகுதியில் சேவை செய்யவும் அங்கே வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் இத்தகைய வாழ்க்கைக்கு ஒரு தம்பதியைச் சொல்வதென்றால் கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகந்நாதன் இருவரையும்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜெகந்நாதன் 1914இல் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டவர். கிருஷ்ணம்மாள் 1926இல் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்திலேயே பட்டப்படிப்பு வரை போனவர். நாடு விடுதலை அடைந்த பிறகே திருமணம் என்று ஜெகந்நாதன் உறுதி கொண்டிருந்தார். 1950இல் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு போச்சம்பள்ளி என்ற தெலங்கானா ஊரில் வினோபா பாவே பூதான (நிலக்கொடை) இயக்கத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தில் இருவரும் தங்களை முழுமையாக ஒப்படைத்தார்கள். வினோபா தமிழ்நாட்டுக்கு நடந்து வந்தபோது, 1956 மே மாதத்தில், அகில இந்திய சர்வோதய மாநாடு காஞ்சிபுரத்தில் கூடியது.

1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு இருவரும் கீழத்தஞ்சைக்கே குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய தொண்டின் உயிர்நிலை இந்த முடிவில்தான் இருக்கிறது. துயரம் நடந்த இடத்துக்கு வந்து ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் பலர் உண்டு. இவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். உதவி தேவைப்பட்ட குடும்பங்கள் தொலைவில் இருந்ததால் தங்கள் வீட்டை அவற்றின் அருகே மாற்றிக்கொண்டார்கள்.

1981இல் ‘லாப்டி’ என்று அறியப்படும் உழுபவரின் நில உரிமை இயக்கத்தை அவர்கள் தொடங்கியபோது ஜெகந்நாதன் அறுபது வயதைக் கடந்திருந்தார். கிருஷ்ணம்மாளுக்கு ஐம்பத்தைந்து. இயக்கத்தின் வழி எளிமையானது. நிலத்தை விற்கத் தயாராக இருக்கும் மிராசுதாரரையும் நிலமற்ற கூலிக் குடும்பங்களையும் ஒன்றாக உட்காரவைத்து நியாயமான விலை பேசுவது. வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வது. வாங்கிய நிலத்தில் கூட்டாக உழைத்துக் கடனை அடைக்கத் துணை நிற்பது. பத்திரம் பெண்ணின் பெயரில் பதிவாகும். ஆணின் பெயரில் இருக்கும் நிலம் ஒரு கள்ளுக்கடை இரவில் கைமாறிவிடக்கூடும் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் வீதம் சுமார் 13,000 குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. வயல் வேலை இல்லாத மாதங்களுக்குப் பாய் நெய்தலும் தையலும் தச்சும் கற்றுத் தரப்பட்டன.

இருவரும் சிறை சென்றவர்கள், இருவரும் போராளிகள். ஆனாலும் நடைப்பயணம், உண்ணாவிரதம், வழக்கு என்று ஜெகந்நாதனின் முகம் பெரும்பாலும் வெளியே திரும்பியிருந்தது. குடிசைகளின் அடுப்படி வரை சென்று பெண்களைத் திரட்டியது கிருஷ்ணம்மாள். தொண்ணூறுகளில் கடலோர வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கி, குடிநீரும் உப்பானபோது, ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தபோது அவருக்கு 82 வயது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் குட்டைகளை அகற்ற அது உத்தரவிட்டது. பின்னர் வந்த சட்டங்கள் அதன் வலுவைக் குறைத்துவிட்டன. அது பெரிய இழப்பு. 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்த பிறகும் கிருஷ்ணம்மாள் குடிசைகளைக் கல்வீடுகளாக்கும் பணியை விடவில்லை.

இத்தனை பெரிய அளவில் எல்லாருக்கும் இயலாது. ஆனால் இருவராகச் செல்வதன் பலன் சிறிய அளவிலும் அப்படியே கிடைக்கும். காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் அதற்குத் தனிப் பொருத்தம் உண்டு, ஏனென்றால் அங்கே தறியே தம்பதியின் தொழில். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரால் அது ஆகாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அது பள்ளிக்குப் போகாத சிறுவனின் கை. இன்று பல வீடுகளில் மனைவியின் கை. ராட்டையில் தார் சுற்றுவதும் அவரே. கூலி மட்டும் ஒன்றுதான். இருவரில் ஒருவர் நோயில் விழுந்தால் முழு வருமானமும் நிற்கும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும்.

இந்த வீடுகளுக்கு வெளியாள் ஒருவர் தனியாகப் போனால் பேச்சு திண்ணையோடு முடிந்துவிடும். அதே தெருவில் வாழ்ந்து, தறியை விட்டு இறங்கிய முதிய தம்பதி போனால் நிலைமை வேறு. அந்தப் பெரியவர் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து கூலிக் கணக்கையும் முன்பணக் கழிவையும் கேட்பார். அந்த அம்மாள் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெண் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை, அடகில் என்ன இருக்கிறது என்று கேட்பார். கணவன் மறைப்பதை மனைவி சொல்வதும் மனைவி அறியாததைக் கணவன் சொல்வதும் அப்போதுதான் நடக்கும்.

கேட்டறிந்த பிறகு செய்ய வேண்டியவை பெரும்பாலும் காகித வேலைகள். கைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம். முதிய நெசவாளருக்கு ஓய்வூதியம் உண்டு. கண் மங்கி, முழங்கால் தேய்ந்தவர் இவற்றுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது கடினம். கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்காவது சங்கத்தில் கேட்க ஓர் இடம் இருக்கிறது. முதலாளியிடம் கூலிக்கு நெய்பவர்களுக்கு அதுவும் இல்லை. முதலில் விண்ணப்பம் எழுதித் தர வேண்டியது அந்த வீடுகளில்தான்.