வலி இல்லாத தலைவலியும் வயிறு வளர்க்கும் கூட்டமும்

வலியே இல்லாத ஒற்றைத் தலைவலி ஒன்று உண்டு என்று சொன்னால், படித்தவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். வலிக்கவில்லையென்றால் பாசாங்கு என்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வியாதி இருப்பது உண்மை.

கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துக்கு நடுவே ஓரிடம் மறைகிறது. அதைச் சுற்றி, கோட்டை மதில்போல் வளைந்து வளைந்து மினுமினுக்கும் ஒரு கோடு கிளம்பி, மெள்ள ஓரத்துக்கு நகர்ந்து, இருபது முப்பது நிமிஷத்தில் போய்விடுகிறது. சிலருக்கு விரலிலிருந்து முகம் வரை மரமரப்பு ஏறும். அப்புறம் ஒன்றுமில்லை, தலை வலிக்காது.

வலித்திருந்தால் வைத்தியரிடம் போயிருப்பான். வலிக்காததினாலேயே பூசாரியிடம் போகிறான்! அம்மன் ஜோதியாய் வந்தாள் என்பான் பூசாரி. காற்றுச் சேஷ்டை என்பான் மந்திரவாதி. ராகு பார்க்கிறான் என்பான் சோதிடன். பெண்ணாயிருந்தாலோ பேய் பிடித்ததென்று வேப்பிலை அடியும் சேர்த்துக் கிடைக்கும். மூவரும் மூன்று விதமாய்ச் சொன்னாலும், காசுக்குக் கை நீட்டுவதில் மாத்திரம் மூவருக்கும் ஒரே அபிப்பிராயம்!

கிரகங்களை நிஜமாகவே பார்த்த ஒருவருக்கும் இது வந்ததுண்டு. ஜார்ஜ் ஏரி என்பவர் 1835 முதல் 1881 வரை இங்கிலாந்து அரசாங்க வானசாஸ்திரியாயிருந்தவர். அவர் ராகுவுக்குச் சாந்தி செய்யவில்லை. தாம் கண்டதைக் கண்டபடியே 1865-ல் எழுதி வெளியிட்டார். நண்பர்களுக்குப் பின்னால் தலைவலி வருகிறது, தமக்கோ பெரும்பாலும் வேறு தொந்தரவில்லை என்றார். வைத்தியரான அவர் மகன் ஹூபர்ட் ஏரி, தமக்குத் தெரிந்ததை 1870-ல் படமாகவே வரைந்து காட்டினார். லாஷ்லி என்ற அமெரிக்கர், தம் கண்ணில் கோடு நகரும் வேகத்தைக் கணக்கிட்டு, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஊர்கிறதென்று 1941-ல் சொன்னார். பிரேஸில் தேசத்து லியாவோ, 1944-ல், முயலின் மூளையில் அதே மாதிரி ஊரும் அலையொன்றைக் கண்டு எழுதினார். அலை பார்வைப் பகுதியில் ஓடும்போது வெளிச்சம் தெரிகிறது. வலி நரம்பைக் கிளப்பினால் வலி, கிளப்பாவிட்டால் வலியில்லை என்பதே இன்று வைத்தியர்கள் கூறும் விளக்கம். இதில் அம்மனுக்கு என்ன வேலை?

காசு போனதோடு ஒழிந்தால் பாதகமில்லை. மூளை ரத்தக் குழாய் அடைத்து வரும் பாரிசவாயுவும் சில சமயம் இதே வேஷத்தில் வருகிறது. ஒற்றைத் தலைவலி மெள்ளப் பரவும். பாரிசவாயு பெரும்பாலும் திடீரென்று தாக்கும். கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண் மாத்திரம் இருண்டாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றியாகவேண்டும். பூசாரி உடுக்கை அடித்துக் குறி சொல்லி முடிப்பதற்குள் அந்த நேரம் தீர்ந்துபோகும்! பிறகு எந்த அம்மன் வந்து கையைத் தூக்கி விடுவாள் என்று கேட்கிறோம்.

நாற்பது வயதுக்குமேல் முதல் தடவையாக இந்த வெளிச்சம் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். தெரியும்போது ஒவ்வொரு கண்ணாய் மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் கோடு தெரிந்தால் அது மூளையில் நடப்பது. கடிகாரத்தைப் பார்த்து, தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்தச் சீட்டை வைத்தியர் கையில் கொடுங்கள்.